உபதேசியார் படித்த பள்ளி

நம் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்தில் கோயில் மலர் என்றால் அதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. புலித்தோல் விரித்த இருக்கையில் வீரமாமுனிவர் அமர்ந்திருக்கும் படம் ஒன்று. தேம்பாவணியின் சிறப்பைப் பற்றித் தமிழாசிரியர் ஒருவர் எழுதிய கட்டுரை ஒன்று. அரியலூர் அரங்கப்ப மழவராயரை வாட்டிய ராஜபிளவை ஏலாக்குறிச்சி மண்ணாலும் நீராலும் குணமான வரலாறு ஒன்று. அதற்குப் பிறகு வாழ்த்துச் செய்திகள், நன்கொடையாளர் பட்டியல், நகைக்கடை விளம்பரம். இவற்றில் எதையும் குறை சொல்ல நான் வரவில்லை. இந்த வகை மலர்களில் நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் முனிவரைக் காவியப் புலவராகவே கொண்டாடிக் கொண்டாடி, இந்தக் கொள்ளிடக் கரையில் அவர் நடத்திய இன்னொரு காரியத்தை நாம் பின்னுக்குத் தள்ளிவிட்டோம். அவர் உபதேசியார்களுக்கு வாத்தியாராக இருந்தார். ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த குடியானவர்களையும் நெசவாளர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சில நாளில் அவர்களை வேதம் சொல்லிக்கொடுக்கத் தகுந்தவர்களாக்கி அனுப்பினார். இன்று மே மாதத்தில் பங்கு மண்டபங்களில் நடக்கும் மறைக்கல்விப் பயிற்சிக்கு மூதாதை அதுதான்.

அந்தப் பள்ளிக்கு இடம் ஏலாக்குறிச்சி. ஏன் என்பதற்கு முதலில் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். தெற்கே கொள்ளிடம். ஆற்றைத் தாண்டினால் அன்றைய தஞ்சை மராட்டியர் சீமை. வடகரை அரியலூர்ப் பாளையம், மழவராயர்கள் ஆண்டது. 1701இல் தஞ்சையில் ஷாஜி மன்னர் காலத்தில் கிறிஸ்தவர்கள் மீது கடும் கலாபனை வந்தது. கர்வாலோ என்ற சேசு சபைக் குரு சிறையிலேயே இறந்தார். வீட்டையும் நிலத்தையும் விட்டு ஓடியவர்களுக்கு ஆற்றின் வடகரைதான் புகலிடம். அங்கிருந்த மாதாவுக்கு அடைக்கல மாதா என்றும், ஊருக்குத் திருக்காவலூர் என்றும் பெயர் நின்றது வெறும் பக்திச் சொல்லால் அல்ல. இரண்டு அரசுகளின் எல்லையில் இருக்கும் ஊருக்கு இன்னொரு வசதியும் உண்டு. தெற்கேயிருந்து ஆள் வரலாம். தெற்கே நிலைமை சரியில்லையென்றால் வந்தவர் இங்கேயே தங்கலாம். தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களில் வேலை செய்யும் உபதேசியார்களைக் கூட்டிப் பாடம் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இத்தாலியில் காஸ்தில்யோனே என்ற ஊரில் 1680இல் பிறந்த கொன்ஸ்டான்சோ பெஸ்கி, அதாவது நம் வீரமாமுனிவர், 1710இல் கோவாவில் இறங்கி, அடுத்த ஆண்டு மதுரை மிஷனுக்கு வந்தார். காமநாயக்கன்பட்டி, கோணான்குப்பம் என்று பல ஊர்களில் பணி செய்தவர், நீண்ட காலம் நிலைகொண்டது ஏலாக்குறிச்சியில். அந்த மிஷனின் கணக்கு எளியது. சாமியார்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு, கிராமங்களோ நூற்றுக்கணக்கில். ஒரு சாமியார் ஒரு கிராமத்துக்கு ஆண்டில் ஒரு முறை வந்தால் பெரிய காரியம். மழை, வெள்ளம், படை நடமாட்டம், சிறை என்று வந்தால் அதுவும் இல்லை. மற்ற நாள்களில் அங்கே திருச்சபை என்றால் உபதேசியார்தான்.

இந்த ஏற்பாட்டை முதலில் செய்தவர் சவேரியார். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்து, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லவும் பிறப்பு இறப்பைக் கவனிக்கவும் வைத்தார். அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? போர்த்துக்கல் அரசி கதரீனாவின் பாதரட்சைச் செலவுக்கென்று ஒதுக்கியிருந்த வருவாயிலிருந்து. அந்தப் பணத்தை உபதேசியார்களுக்குத் தரும்படி சவேரியார் அரசியிடமே கேட்டு வாங்கினார். உபதேசியார் சம்பளம் எப்போதும் யாரோ ஒருவருடைய செருப்புக் காசாகத்தான் இருந்திருக்கிறது என்று ஒரு மூத்த உபதேசியார் சிரித்துக்கொண்டே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் மனத்தாங்கல் எனக்குப் புரிந்தது.

உபதேசியார் செய்த வேலைகளில் ஒன்றை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஆடி மாதம், ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, சாமியார் அக்கரையில். இக்கரையில் பிறந்த பிள்ளைக்கு மூச்சுத் திணறுகிறது. உபதேசியாரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் செம்பில் தண்ணீர் எடுத்து, பிள்ளையின் தலையில் ஓடும்படி ஊற்றியபடியே, தந்தை மகன் தூய ஆவியின் பெயர் சொல்ல வேண்டும். தண்ணீர் முன்னும் வார்த்தை பின்னுமாகப் போகக் கூடாது. ஊற்றுகிறவர் ஒருவர், சொல்லுகிறவர் இன்னொருவர் என்று பிரித்துக்கொள்ளவும் கூடாது. தண்ணீர் முடியில் நின்றுவிடாமல் தோலில் பட்டு ஓட வேண்டும். கேட்பதற்கு இது சின்ன விஷயம். ஆனால் தாய் அழுகிற வீட்டில், விளக்கு வெளிச்சத்தில், கை நடுங்காமல் செய்ய அதை முன்பே செய்து பழகியிருக்க வேண்டும். பிள்ளை பிழைத்துவிட்டால் ‘ஞானஸ்நானம் செல்லுமா’ என்று பிறகு சாமியார் கேட்பார். என்ன சொன்னாய், எப்படி ஊற்றினாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். இறையியலில் பாதி அந்தச் செம்புத் தண்ணீரில் இருக்கிறது. இன்றைய பயிற்சிகளிலும் இந்தப் பாடம் வரும்போதுதான் பின்வரிசையில் தூங்குகிறவர்கள் நிமிர்ந்து உட்காருவதை நான் கவனித்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவர்களுக்கு எப்படிப் பாடம் சொல்வது? பெரிய குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைக்க முடியாது. திரெந்து பொதுச்சங்கம் 1563இல் குருமடங்களுக்குக் கட்டளையிட்டது குருக்களை உருவாக்க. உபதேசியாருக்கு வயல் இருந்தது, தறி இருந்தது, குடும்பம் இருந்தது. அவர் ஊரை விட்டு நாலைந்து மாதம் போனால் ஊரே காலி. ஆகவே மதுரை மிஷனில் ஆண்டுக்கு ஒரு முறை உபதேசியார்களை ஓரிடத்தில் கூட்டுவது வழக்கமாயிற்று. அதில் தியானம், பாடம், கணக்கு ஒப்படைத்தல் மூன்றும் நடந்தன. யார் யார் இறந்தார்கள், யாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது, எந்த வீட்டில் சண்டை, யார் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிட்டார் என்ற விவரமெல்லாம் அங்கே சாமியாரின் காதுக்குப் போய்விடும்.

தியானத்துக்கு அடிப்படை இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சி. 1548இல் பாப்பரசர் மூன்றாம் பவுல் அங்கீகரித்த அந்தப் பயிற்சி நான்கு வாரமாக, ஏறக்குறைய முப்பது நாள் போகும். முதல் வாரம் பாவமும் இரக்கமும், இரண்டாம் வாரம் கிறிஸ்துவின் வாழ்க்கை, மூன்றாவது பாடுகள், நான்காவது உயிர்ப்பு. முப்பது நாள் முடியாதவர்களுக்கு அதை எட்டு நாளாகவோ பத்து நாளாகவோ சுருக்கிக் கொடுப்பது சேசு சபையின் கைவந்த கலை. ஆக, குறுகிய காலப் பயிற்சி என்பது முழுப் படிப்பு கிடைக்காதவனுக்குப் போடும் மிச்சம் மீதி என்று யாரும் நினைக்க வேண்டாம். சபையில் சேர்ந்த ஐரோப்பியப் பண்டிதரும் ஆண்டுதோறும் அதே எட்டு நாளில்தான் உட்கார்ந்தார். உபதேசியார் உட்கார்ந்ததும் அந்தப் பாயில்தான்.

பெஸ்கி இங்கே ஒரு படி மேலே போனார். கூட்டம் கலைந்தபின் கையோடு எடுத்துப் போக ஒரு புத்தகம் வேண்டும் என்று நினைத்தார். அப்படி வந்ததுதான் 1727இல் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’. உபதேசியார் பணி எவ்வளவு பெரியது, அதைச் செய்கிறவனுக்கு வேண்டிய பக்தி என்ன, பொறுமை என்ன, பிறரைத் திருத்தப் போகிறவன் தன்னை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அது பேசுகிறது. தமிழ் உரைநடையின் தொடக்க கால நூல்களில் ஒன்று என்று இலக்கிய வரலாற்றில் ஒரு வரி கிடைக்கும். அந்த ஒரு வரியோடு நாம் விட்டுவிடுகிறோம். ஒரு வருடம் முன்புதான், 1726இல், 3615 விருத்தங்களில் தேம்பாவணியை முடித்தவர் அவர். விரும்பியிருந்தால் உபதேசியார்களுக்கும் செய்யுளிலேயே ஒரு நூல் பாடிக் கொடுத்திருக்கலாம். அந்தக் காலத்து வழக்கமும் அதுதான். வைத்தியமும் சோதிடமும் கணக்கும் பாட்டில் ஓடிய காலம். அவர் உரைநடையைத் தேர்ந்ததற்குக் காரணம் படிக்கப்போகிறவன் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்ததுதான். விருத்தத்தைப் பதம் பிரித்துப் பொருள் சொல்ல ஊரில் புலவர் இருக்க மாட்டார். விளக்கடியில் தானே எழுத்துக்கூட்டி வாசித்துத் தானே புரிந்துகொள்ள வேண்டியவனுக்கு வாக்கியம்தான் உதவும். தேம்பாவணியை விட வேதியர் ஒழுக்கம் நம் மாவட்டங்களுக்கு அதிகம் உழைத்த நூல் என்பது என் கருத்து. தமிழாசிரியர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

உபதேசியார் கையில் புத்தகம் கொடுக்கும் அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மலர்களில் அதை நாகரிகம் கருதி எழுதுவதில்லை. கிழக்கே தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரிகள் அச்சுக்கூடம் வைத்துப் புதிய ஏற்பாட்டை 1715க்குள் தமிழில் அச்சிட்டு முடித்திருந்தார்கள். 1716இல் சீகன்பால்கு அங்கே உபதேசியார்களுக்கென்றே ஒரு செமினரியும் தொடங்கினார். அச்சடித்த புத்தகம் கொள்ளிடம் தாண்டி வர யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தஞ்சைப் படையில் சேர்வைக்காரராக இருந்த ராஜநாயக்கன் பிறப்பால் கத்தோலிக்கர். நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் பணியும் அடங்கிய அச்சுப் பிரதி ஒன்று கையில் கிடைக்க, அதைப் படித்துப் படித்து, 1720களின் இறுதியில் தரங்கம்பாடிக்குப் போய் லுத்தரன் உபதேசியார் ஆகிவிட்டார். அவர் தம் பழைய சபையாரிடையே வேலை செய்யத் தொடங்கியதும் இங்கே எவ்வளவு கலக்கம் ஏற்பட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம். பெஸ்கி 1728இல் எழுதிய வேத விளக்கமும், லுத்தரினத்தியல்பு போன்ற மறுப்பு நூல்களும் அந்தச் சூட்டில் வந்தவை. அவற்றின் காரசாரம் இன்றைக்கு வாசிக்கச் சங்கடமாக இருக்கும்.

ஆனால் சண்டையிலும் ஒரு நன்மை விளைந்தது. இரு பக்கமும் உபதேசியாரைச் சும்மா விட முடியாத நிலை வந்தது. அவனுக்குக் கேள்வி வரும்; பதில் தெரிய வேண்டும்; பதில் புத்தகமாகவும் இருக்க வேண்டும். தரங்கம்பாடியார் 1733இல் ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள்; தமிழ்ப் புராட்டஸ்டண்டுகளில் முதல் குரு அவர். அத்தனை பேர் போற்றிய ராஜநாயக்கனுக்குச் சாதியை முன்னிட்டு அது கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? சாதிக்கு ஒரு வகைச் சாமியார், சாதிக்கு ஒரு வகை உபதேசியார் என்றுதான் மதுரை மிஷன் ஓடியது. பாயில் எல்லாரும் உட்கார்ந்தார்கள் என்று மேலே எழுதினேன். எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள் என்று எழுதவில்லை.

போட்டியாளர்கள் ஒருவரை ஒருவர் வாசிக்காமலும் இல்லை. பெஸ்கி கொடுந்தமிழுக்கு லத்தீனில் எழுதிய இலக்கணத்தை 1738இல் அச்சிட்டவர்கள் தரங்கம்பாடி லுத்தரன்கள்தான். மிஷனரிக்குத் தெருவில் பேசத் தெரிய வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

ஏலாக்குறிச்சியில் பெஸ்கி நடத்திய பள்ளிக்கும் 1730இல் எழுதிய தொன்னூல் விளக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்வார்கள். 370 நூற்பாக்களில் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஐந்தையும் அடக்கியது அது. மாணவர் கையில் வைத்துப் படிக்கும் அளவுக்குச் சுருக்கமானது. உபதேசியாருக்கு அணியிலக்கணம் எதற்கு என்று கேட்கலாம். ஊரில் பாரதம் வாசிக்கிறவரும் புராணம் சொல்கிறவரும் இருந்த காலம் அது. எதிரே உட்கார்ந்திருக்கிறவருக்குத் தமிழ் தெரியும். தமிழ் தடுமாறுகிறவன் சொல்லும் வேதத்தை யார் காதில் வாங்குவார்? இன்றைய பயிற்சிகளில் கையேடுகளின் தமிழைப் பார்க்கும்போது தொன்னூல் விளக்கத்தில் பத்து நூற்பாவையாவது சேர்க்கலாமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பெஸ்கி 1747இல் கேரளத்து அம்பழக்காட்டில் இறந்தார். அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். கர்நாடகப் போர்கள் இந்த வழியாகத்தான் போயின. 1751இல் பெரம்பலூருக்குப் பக்கத்தில் வாலிகண்டபுரம், ரஞ்சன்குடிக் கோட்டைப் பகுதியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். 1759இல் போர்த்துக்கல் அரசு சேசு சபையாரைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து விரட்டியது. 1773இல் பாப்பரசர் பதினான்காம் கிளமெந்து சபையையே கலைத்துவிட்டார். புதிய சாமியார்கள் வருவது நின்றது. இருந்தவர்கள் முதுமையில் ஒவ்வொருவராக மறைந்தார்கள். பாரிஸ் வேதபோதக சபையார் பாண்டிச்சேரியில் பொறுப்பேற்ற பிறகும் நிலைமை உடனே சீர்படவில்லை. இந்த இடைக்காலத்தில் கொள்ளிடத்துக்கு வடக்கே பூசை இல்லாத கோயில்கள் எத்தனையோ இருந்திருக்கும். ஆனாலும் செபமாலை சொல்லவும், மரித்தவரை அடக்கம் செய்யவும், பிள்ளைகளுக்கு மந்திரம் கற்பிக்கவும் ஆள் இருந்தது. எட்டு நாள் படிப்பு எத்தனை காலம் தாங்கும் என்பதற்கு இந்தப் பகுதி சாட்சி. அப்பனுக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்பன் மகனுக்குச் சொன்னான். ஓலையில் எழுதியதைப் பேரன் படி எடுத்தான்.

வேதியர் ஒழுக்கம், தொன்னூல் விளக்கம் போன்ற நூல்கள் ஓலையிலேயே ஒரு நூற்றாண்டு கிடந்தன. சென்னைக் கல்விச் சங்கத்தைச் சேர்ந்த முத்துசாமிப் பிள்ளையை எல்லிஸ் துரை 1816இல் தெற்கே அனுப்பி முனிவரின் ஏடுகளைத் தேடவைத்தார். அந்தத் தேடலின் பயனாக 1822இல் பிள்ளை எழுதிய வரலாறுதான் நாம் இன்று சொல்லும் கதைகள் பலவற்றுக்கு ஊற்று. பல்லக்கு, புலித்தோல், நவாபின் திவான் பதவி எல்லாம் அங்கிருந்து வந்தவை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அவற்றில் பலவற்றை ஏற்பதில்லை. தொன்னூல் விளக்கம் 1838இல் பாண்டிச்சேரியில் அச்சேறியது. 1844இல் பாண்டிச்சேரியில் பொனாந்து ஆண்டகை கூட்டிய சினோது உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதையும் பள்ளிக்கூடங்களையும் முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டது. 1899இல் கும்பகோணம் மறைமாவட்டம் தனியாகப் பிரிந்தபோது அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகள் அதற்குள் வந்தன. அரசாங்கக் கணக்கில் பெரம்பலூர் மாவட்டம் 1995இல் பிறந்தது; அரியலூர் அதிலிருந்து 2001இல் பிரிந்தது, 2002இல் சேர்ந்தது, 2007இல் மறுபடி பிரிந்தது. மறைமாவட்டக் கணக்கில் இரண்டும் இன்னும் ஒரே வீடு.

இருபதாம் நூற்றாண்டில் பெரிய மாற்றம் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோடு வந்தது. 1965 டிசம்பரில் வெளியான திருச்சபையின் நற்செய்திப் பணி பற்றிய ஏட்டில் 17ஆம் பத்தி முழுக்க உபதேசியார்களைப் பற்றியது. பள்ளிகளைப் பெருக்குங்கள், குறித்த காலங்களில் அவர்களைக் கூட்டிப் புத்தறிவு கொடுங்கள், நியாயமான ஊதியம் கொடுங்கள் என்று அது கேட்கிறது. ஏலாக்குறிச்சிக்காரர்கள் அதைப் படித்தால் இதில் புதிதாக என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார்கள், ஊதியம் நீங்கலாக. பூசை தாய்மொழிக்கு வந்ததும் பொதுநிலையினர் பீடத்தருகே நின்று வாசகம் வாசிக்க வேண்டியதாயிற்று. வாசிக்கிறவருக்கு வாசிப்பது விளங்க வேண்டும். தென்னார்க்காட்டுக் கல்லேரியில் பிறந்த அமலோர்பவதாஸ் அடிகள் 1960களில் திண்டிவனத்தில் மறைக்கல்வி நடுநிலையத்தில் பணி தொடங்கி, 1967இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தை உருவாக்கினார். திண்டிவனத்து நடுநிலையம்தான் 1995இல் திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டது. பெரம்பலூர் மறைக்கல்வி ஆசிரியருக்குத் திண்டிவனம் ஒரு பஸ் தூரம். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் கை காட்டினால் போதும். அரியலூர்க்காரருக்கு ரயில் இருக்கிறது.

மறைக்கல்விப் பயிற்சிக்குக் கோடைக்காலம் எப்படி நிலைத்தது? பள்ளிக்கூடம் மூடியிருப்பதால் வகுப்பறையில் பாய் போடலாம், விடுதிச் சமையல்கூடம் சும்மா இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். ஊருக்கு ஊர் விவசாயக் கணக்கும் உண்டு. கொள்ளிடக் கரையில் சம்பா தையிலேயே களத்துக்கு வந்து, உளுந்தும் பங்குனியில் முடிந்துவிடும். பெரம்பலூர்க் கரிசலில் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் ஆடிப் பட்டம்தான். சித்திரையில் உழுதுபோட்டுவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். மாட்டிக்கொள்கிறவர்கள் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்தார். முந்திரி பொறுக்கும் காலமும் அதுவே. விடியற்காலையில் தோப்பில் குனிந்துவிட்டு, பத்து மணி பஸ்ஸில் வந்து, விரலில் முந்திரிப்பால் கறையோடு ஏடு விரிப்பவர்கள் அவர்கள். தாமதம் என்று அவர்களைக் கடிந்துகொள்ளும் பயிற்சியாளரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

உள்ளே என்ன நடக்கிறது? காலையில் விவிலியம், ஒரு ஆண்டு நற்செய்தி, ஒரு ஆண்டு பவுலடியார் என்று மாறும். அடுத்து திருவழிபாட்டு ஆண்டு, அருள்சாதனங்கள். மதியச் சோற்றுக்குப் பிறகு வரும் வகுப்பு எதுவாக இருந்தாலும் அதன் தலையெழுத்து தூக்கம்தான். விசிறி சுற்றுகிறது, ஆனால் காற்று வருவதில்லை. விவரம் தெரிந்தவர்கள் அந்த நேரத்துக்குப் பாட்டும் நாடகமும் வைப்பார்கள். சாயங்காலம் மோர் கொடுத்தபிறகு செய்முறை: ஒவ்வொருவரும் எழுந்து, எதிரே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொண்டு, ஊதாரி மகன் உவமையைச் சொல்ல வேண்டும். அங்கேதான் யார் வாத்தியார் என்று தெரியும். ஒரு முறை எழுதப் படிக்கத் தடுமாறும் ஓர் அம்மா எழுந்து, அந்த உவமையில் யாரும் பேசாத ஆளைப் பற்றிப் பேசினார். வீட்டில் இருந்த மூத்தவன் தினம் வயலுக்குப் போய்வந்தானே, அவன் சாப்பிட்டானா என்று யாராவது கேட்டார்களா, என்றார். முதுகலை படித்த நாங்கள் இரண்டு பேர் மேடையில் இருந்தோம். அப்படி ஒரு கேள்வியை நாங்கள் கேட்டதே இல்லை.

அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முனிவர் கூட்டிய கூட்டம் ஆண்களுக்கானது. வேதியர் ஒழுக்கம் பேசுவதும் ஆணிடம்தான். இந்த முந்நூறு ஆண்டில் இந்தப் படிப்பில் நடந்த மிகப் பெரிய மாற்றம் எது என்று கேட்டால் நான் அச்சையும் சொல்ல மாட்டேன், சங்கத்தையும் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். மலர்களில் இதைப் பற்றிக் கட்டுரை வருவதில்லை, குழுப் படத்தில் மட்டும் சேலை வரிசை தெரியும்.

வெளி உலகத்திலும் கோடைக்கும் வேதத்துக்கும் உறவு உண்டு. 1898இல் நியூயார்க்கில் எலைசா ஹாஸ் என்ற பெண்மணி, கோடை விடுமுறையில் தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக ஒரு பீர்க் கடைக் கூடத்தை வாடகைக்குப் பிடித்து வேதப் பள்ளி நடத்தினார். இன்று நம் ஊர் சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் கொடி கட்டி நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளியின் வம்சம் அது. ஊழியரை ஊரைவிட்டுப் பிரிக்காமல் படிக்கவைப்பது என்ற எண்ணம் 1963இல் குவாத்தமாலா பிரெஸ்பிடேரியன் செமினரியில் விரிவாக்க இறையியல் கல்வியாக உருவெடுத்தது. ஆசிரியர்கள் மாணவரைத் தேடி ஊருக்குப் போனார்கள். இந்தியாவில் 1971இல் பெங்களூரில் டாஃப்டீ என்ற அமைப்பு அந்த முறையைத் தொடங்கியது. நம் இரு மாவட்டங்களிலும் தபாலில் வந்த பாடப் புத்தகத்தை வைத்துப் படித்த சபை ஊழியர்கள் உண்டு. குவாத்தமாலாவில் புதுமை என்று பேசப்பட்டது கொள்ளிடக் கரைக்குப் பழக்கப்பட்ட சங்கதி.

இனிக் குறைகளையும் சொல்லிவிட வேண்டும்; பாராட்டு மட்டும் எழுத வாழ்த்துச் செய்திப் பக்கங்கள் இருக்கின்றன. கோடைப் பயிற்சியின் முதல் நோய், ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பிலிருந்தே தொடங்குவது. பதினைந்து ஆண்டாக வருகிறவரும் நேற்று வந்தவரும் அதே பெஞ்சில் அதே படைப்பு வரலாற்றைக் கேட்கிறார்கள். ஒரு பயிற்சிக்கும் அடுத்ததற்கும் இடையே பாடத்திட்டம் என்ற கயிறு கிடையாது. இரண்டாவது, வீட்டுக்கு எடுத்துப் போக ஒன்றும் இல்லாதது. பையும் பேனாவும் சான்றிதழும் கொடுக்கிறோம், புத்தகம் கொடுப்பதில்லை. ஓலையில் எழுதிய காலத்திலேயே பெஸ்கிக்கு இருந்த கவலை நமக்கு நகலெடுக்கும் இயந்திரம் வந்தபிறகு போய்விட்டது. மூன்றாவது, பஸ் காசு. தினக்கூலியை விட்டுவிட்டு வருகிற ஒருவருக்கு அந்த நாள்களின் கூலியைக் கொடுக்க முடியாவிட்டாலும் பயணச் செலவையாவது வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். கடைசி நாள் நன்றியுரைக்குப் பிறகு கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பது மரியாதை இல்லை.

2021 மே 10 தேதியிட்டுப் பாப்பரசர் பிரான்சிஸ் வெளியிட்ட திருத்தூது மடல் மறைக்கல்வி ஆசிரியர் பணியைத் திருச்சபையின் நிலையான பொதுநிலைப் பணியாக ஏற்படுத்தியது. ஆயர் வழிபாட்டில் நியமிக்கும் பணி அது. ஆண் பெண் இருவருக்கும் உரியது. அதற்குத் தகுந்த உருவாக்கம் கொடுக்க வேண்டிய பொறுப்பும் ஆயர் பேரவைகளுக்கு வந்திருக்கிறது. எட்டு நாளில் அந்த உருவாக்கம் முடியாது. மூன்று கோடைகளைச் சேர்த்து ஒரு படிப்பாக்கி, ஆண்டுக்கு ஒரு நூல் என்று வைத்து, இடையில் மாதம் ஒரு சனிக்கிழமை மறைவட்ட அளவில் கூடினால் முடியும். முதல் ஆண்டு நூலாக வேதியர் ஒழுக்கத்தை இன்றைய எழுத்தில், கடினமான சொற்களுக்குக் குறிப்போடு, மலிவுப் பதிப்பாக அச்சிட்டுக் கொடுக்கலாம். இந்த மலருக்குத் திரட்டிய விளம்பரக் காசில் ஒரு பகுதியே அதற்குப் போதும்.

இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு செய்முறை வேலையும் எனக்குத் தோன்றுகிறது. சாவு அவசரத்தில் கொடுத்த திருமுழுக்கு என்றால் பங்குப் பதிவேட்டில் அதைக் கொடுத்தவர் பெயரையும் எழுதுவது முறை. பழைய பங்குகளின் பதிவேடுகள் லத்தீனிலும் பிரெஞ்சுப் பாங்கான கையெழுத்திலும் இருக்கும், தாள் பொடிந்துகொண்டிருக்கிறது. பங்குச்சாமியின் அனுமதியோடு, இருவர் இருவராக உட்கார்ந்து, அந்தப் பத்தியில் வரும் உபதேசியார் பெயர்களை ஊர், ஆண்டு வாரியாக ஒரு ஏட்டில் எழுதி எடுக்கட்டும். பெண் பெயர் வந்தால் தனியாகக் கோடிடட்டும். மருத்துவச்சிகளும் அந்தப் பத்தியில் இருப்பார்கள். அடுத்த மலரில் அந்தப் பட்டியலைப் போட நான்கு பக்கம் ஒதுக்கும்படி மலர்க் குழுவை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.